முசிறியில் இல்லாத பாறை

எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பேசிக்கொண்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசினார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேசினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காதிலும் அதைப் போட்டுவைத்தார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேருக்குக் காது மந்தம். அதற்காக நான் சும்மா இருந்துவிட முடியுமா? லிந்துலையிலும் தலவாக்கலையிலும் அக்கரப்பத்தனையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் காயும் என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் கெடுக்கவில்லை. ஒரு பாறையும் இரண்டு ஆம்பிளைகளின் ரோஷமும் சேர்ந்து கெடுத்தன.

எனக்கு அப்போது பத்து வயது. நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டமும் வந்து, அதற்கு முன் ஓட்டுப் போட்டிருந்த எங்கள் அப்பா இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிட்டார். அப்பா இதே தோட்டத்தில், இதே லயத்து வரிசை வீட்டில், நாங்கள் எல்லோரும் படுத்து எழும்பிய அதே ஒற்றை அறையில் பிறந்தவர். இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கிறோம், இந்தியாவோடு போக்குவரத்து இல்லை என்று காட்டினால் பிரஜையாகலாம் என்றார்கள். அப்பாவும் மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு ஓர் ஐயா வருவார் என்று காத்திருந்த பருவம் அது. கிடைத்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எந்த நாட்டிலும் பேர் இல்லாதவர்கள் ஆவோம். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அடுப்படியில் சுருண்டு கிடக்கும் நாய்க்குக்கூடத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது, மறந்திருக்கமாட்டீர்கள். யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்பது. ஊர் என்றால் தோட்டம் இல்லை. தோட்டத்தின் பேரைச் சொன்னால், அது பிழைக்கிற இடம், நான் ஊரைக் கேட்டேன் என்பார்கள். பாட்டனோ முப்பாட்டனோ கப்பல் ஏறிய கிராமத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத் தெரியாதவன் ஊர் பேர் இல்லாதவன். அவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முசிறியார் வீடு என்று பேர். முசிறி, காவேரிக் கரையில், திருச்சிக்குப் பக்கம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் துடைத்து எண்ணெய் போடுவார். அப்போது காவேரிக் கதை சொல்லுவார். அம்மா பிறந்தது ராகலைப் பக்கத்துத் தோட்டம். அவள் இந்தக் கதை தொடங்கினால் ரொட்டிக்கு மாவு பிசைய உள்ளே போய்விடுவாள். அக்காவும் நானும்தான் கேட்போம். காவேரி நேராக ஓடி வந்து ஒரு கறுத்த பாறையில் முட்டி இரண்டாகப் பிரியும். பாறை படுத்த எருமை மாதிரி இருக்கும். அதன் முதுகில் ஒரு குழி, என்ன வெயில் அடித்தாலும் அதில் தண்ணீர் வற்றாது. பாறையின் ஒரு பக்கம் ஊர்க்காரர்கள் கத்தி தீட்டித் தீட்டி எண்ணெய் தடவின மாதிரி வழுவழுத்திருக்கும். கரை முழுக்க மூங்கில். விடிகாலையில் தண்ணீரிலிருந்து புகை எழும்பும், காலை வைத்தால் பல் தந்தியடிக்கும். அப்பா சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். எனக்கும் குளிரும்.

அந்த வருஷம் அக்காவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர் பக்கத்து டிவிஷன்காரர். அவர் ஊர் குளித்தலை. முசிறிக்கு நேர் எதிர்க்கரை. இது போதாதா? தேத்தண்ணி ஆறும்வரை இரண்டு பேரும் காவேரியைப் பற்றியே பேசினார்கள். அப்பா பாறையைச் சொன்னார். வரப்போகும் சம்பந்தி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, அந்தப் பாறையைத் தங்கள் கரையிலிருந்தும் பார்க்கலாம் என்றார். அப்பாவின் முகம் ஒரு கணம் எப்படியோ ஆகிப் பிறகு சரியாகிவிட்டது. அக்கரை இக்கரைச் சம்பந்தம் என்று பேச்சு முடிந்தது. வெற்றிலை மாற்றினார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே மாஸ்டர். மாஸ்டரும் எங்களைப் போல மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்தான். சின்ன வயதில் ஒரு வருஷம் திருச்சியில் தங்கிப் படித்துவிட்டு வந்தவர். ஒருநாள் ஆறுகளைப் பற்றிப் பாடம் நடந்தது. காவேரி கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும், நடந்தே அக்கரைக்குப் போகலாம், உள்ளங்கால் கொப்பளிக்கும் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவர் போல உடனே மகாவலிக்குத் தாவினார். நம் நாட்டு ஆறுகளில் நீளமானது மகாவலி. அதைப் பள்ளிக்கூடத்தின் உள்ளே பின்சுவரில் எல்லோரும் சேர்ந்து வரைய வேண்டும் என்றார்.

சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் கொண்டு நாட்டின் விளிம்பை மாஸ்டர் போட்டார். ஆறு என் பங்குக்கு வந்தது, எனக்குக் கை நடுங்காது என்பதால். நீல நிறத்துக்கு எங்கே போவது? லிந்துலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா, மாதம் ஒருமுறை புடவை மூட்டையோடு லயங்களுக்கு வருவார். துணிக்குப் போடும் நீலப்பொடிப் பொட்டலம் ஒன்று மழையில் நனைந்து விற்க முடியாமல் கிடந்தது, அதை எனக்குத் தந்தார். மூங்கில் குச்சியின் நுனியைக் கல்லில் தட்டி நசுக்கித் தூரிகை செய்தேன். அந்த நீலத்தின் வாசம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. கை விரல்கள் ஒரு மாதம் நீலமாகவே இருந்தன. அம்மா திட்டினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை.

புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்து மாஸ்டர் சொல்லச் சொல்ல வரைந்தோம். கம்பளைக்கு ஒரு கிரீடம், முன்னே அங்கே ராஜாக்கள் இருந்தார்களாம். பேராதனைக்குப் பாலம், ஒரு காலத்தில் அங்கே ஆணியே அடிக்காமல் முதிரை மரத்தால் கட்டின பாலம் நின்றதாம். கண்டியை ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் கண்டி ராஜாவைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் அத்தனை காலம் திண்டாடினார்கள் என்றார் மாஸ்டர். கட்டுகஸ்தோட்டையில் குளிக்கிற யானை ஒன்று. மினிப்பேயில் பழைய ராஜாக்கள் வெட்டின வாய்க்கால். மகியங்கனையில் வெள்ளையாக ஒரு புத்தர் தாதுகோபம். மன்னம்பிட்டியில் ரயில் பாலம். கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடல். அங்கே ஒரு கப்பல்.

புத்தகத்தில் ஆறு கம்பளைக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளியில் தொடங்கியது. அதற்கு மேலே மலை என்று மட்டும் போட்டிருந்தது. எந்த மலை என்று கேட்டேன். இரண்டு மூன்று ஆறுகள் வந்து சேருகின்றன, ஒன்று அட்டன் பக்கமிருந்து வருகிறது, ஒன்று நம்ம பக்கமிருந்து கொத்மலை வழியாகப் போகிறது என்றார். நம்ம பக்கம் என்றால் நம்ம ஆறா? ஆமாம், ஆனால் புத்தகத்தில் இல்லை என்றார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் நான் ஆற்றை மேலே நீட்டினேன். கம்பளையிலிருந்து கொத்மலை, அங்கிருந்து சென்கிளயர் அருவி, தலவாக்கலை, லிந்துலை, பிறகு எங்கள் தோட்டம், அதற்கும் மேலே ஓர்ட்டன் சமவெளி. அருவிக்குச் சுண்ணாம்பை அள்ளிப் பூசினேன். லயங்களையும் வரிசையாகப் போட்டேன். அளவு தப்பிவிட்டது, எங்கள் தோட்டம் கண்டியைவிடப் பெரிதாக நின்றது. மாஸ்டர் திரும்பி வந்து பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னார். அழிக்கமாட்டேன் என்றேன். பெரியவர் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிப் பார்த்தால் அது ஒன்றும் அத்தனை கஷ்டமாக இல்லை.

எனக்கு ஆதரவாக வந்தவர் நானா. அவர் பெண் கட்டியது மூதூரில், கொட்டியாரக் குடாவின் கரையில். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மனைவியின் ஊரில்தான். கடை மட்டும் இங்கே. பள்ளிக்கூடத்து வாசலில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரை வெகுநேரம் பார்த்தார். மலையில் பெரிய மழை பெய்தால் சில நாளில் எங்கள் குடா கலங்கிச் சிவந்துவிடும், மனைவி அதைப் பார்த்துத்தான் என் உடம்புக்குக் குளிர் பிடித்திருக்கும் என்று கவலைப்படுவாள் என்று மாஸ்டரிடம் சொன்னார். அந்த ஊர்க் கரையில்தான் முந்தி ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரனின் மகனைக் கண்டி ராஜாவின் ஆட்கள் பிடித்து, இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய மலைநாட்டில் வைத்திருந்தார்களாம். இதைச் சொல்லும்போது எங்கள் வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் குனிந்து சொன்னார்:

"ஆறு எங்க போகுதுண்டு கேட்டா நான் சாட்சி. எங்க இருந்து வருகுதுண்டு கேட்டா நீதான் புள்ள சாட்சி."

சாட்சி என்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டுமே. உண்மையில் நான் எங்கள் ஆற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததே இல்லை. லயம் இருந்தது மலையின் மேலே. குளிப்பதும் துவைப்பதும் பீலியில். முன்பு ஒரு பிள்ளையை ஆறு இழுத்துக்கொண்டு போனதால் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரை தடை. பெரியவர்கள்தான் இறங்குவார்கள், அதிலும் கவ்வாத்துக்காரர்கள் கத்தி தீட்ட. மாஸ்டர் ஒரு சனிக்கிழமை எங்களில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். தேயிலைக்குள் நனைந்துகொண்டே போனோம், அட்டை கடித்தது, மூங்கில் தோப்பு வந்தது, அதைத் தாண்டினால் ஆறு.

ஆறு நேராக ஓடி வந்து ஒரு கறுத்த பாறையில் முட்டி இரண்டாகப் பிரிந்தது. படுத்த எருமை. முதுகில் குழி, குழியில் தண்ணீர். ஒரு பக்கம் கவ்வாத்துக் கத்திகள் தீட்டித் தீட்டி வழுவழுவென்று பளபளத்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. காலை வைத்தேன், பல் தந்தியடித்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அப்பா எங்களுக்கு எங்கள் ஆற்றையே காவேரி என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார், அவ்வளவுதானே. அப்பா பொய்க்காரர் என்று தோன்றவில்லை. அவரிடம் சொல்வதற்கு வேறு ஆறு இல்லை. வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை போய்ச் சுவரில் எங்கள் தோட்டத்துக்குக் கீழே அடுப்புக்கரியால் ஒரு எருமையைப் படுக்கவைத்தேன்.

விசாரணை ஐயா ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்தில்தான் விசாரணை, எங்களுக்கு விடுமுறை. மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் போகவில்லை. நாற்காலியைச் சாய்த்து வைத்து என் ஆற்றைத் தேய்த்துவிடுவார்களோ என்று பயம். வெளியே ஜன்னலோரமாக நின்றேன், யாரும் விரட்டவில்லை. ஐயா கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஓரளவு தமிழ் பேசினார். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என் கம்பளையும் கண்டியும் அவர் தலைக்கு மேலே தெரிந்தன. மாஸ்டர் கதவருகில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவரை விசாரிக்கும்போது அடுத்தவர் பெஞ்சில் உட்கார வேண்டும். அப்பா போனபோது பெஞ்சில் உட்கார்ந்தவர் வரப்போகும் சம்பந்தி.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை மாஸ்டர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா நன்றாகத்தான் சொன்னார். பிறந்தது இந்த லயம். தாய் தகப்பனைப் புதைத்தது இந்த மலை. கல்யாணம் ராகலையில். கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐயா எழுதிக்கொண்டே வந்தார், முகத்தில் எரிச்சல் இல்லை. பேனாவை மூடப்போனார். எனக்கு அந்த மூடி நினைவிருக்கிறது, கறுப்பு, நுனியில் பித்தளை வளையம். மூடியிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேச்சுக்குக் கேட்பது போல அவர் ஒன்று கேட்டார்.

"சொந்த ஊர் எது?"

இந்தக் கேள்விக்கு மாஸ்டர் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டத்தின் பேரை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார் அப்பா. ஆனால் ஊர் என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்தார். பெஞ்சில் சம்பந்தி. வாசலில் பாதித் தோட்டம். அந்த இடத்தில் தோட்டத்தின் பேரை ஊர் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

"முசிறிங்க. காவேரிக் கர."

பேனா மறுபடி திறந்தது. அங்கே போயிருக்கிறீரா என்றார் ஐயா.

"சொந்த ஊரப் பாக்காத மனுசன் உண்டுங்களா?"

ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாறையைச் சொன்னார். குழியைச் சொன்னார். கத்தி தீட்டின பக்கத்தைச் சொன்னார். மூங்கிலைச் சொன்னார், புகையைச் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே அத்தனை அழகாகப் பேசியது அன்றுதான். ஐயா விடாமல் எழுதினார். பெஞ்சிலிருந்து சம்பந்தி தானாகவே எழுந்து, அந்தப் பாறை தங்கள் குளித்தலைக் கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று சாட்சி சொன்னார். ஐயா அதையும் எழுதினார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். காவேரியில் கோடைக்கு மணல் என்று சொன்னவர், அவருக்குத் தெரியும். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு எப்படித் தெரியும், நீ எப்போது போனாய் என்று ஐயா திருப்பிக் கேட்டால் அவர் மனு போயிற்று. இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. யாரும் பேசவில்லை, அதனால் நான் உள்ளே போனேன்.

"அது காவேரி இல்லீங்க ஐயா. நம்ம ஆறுங்க. அந்தப் பாற கீழதான் இருக்கு. சொவத்துல போட்டிருக்கேன், பாருங்க."

ஐயா திரும்பிச் சுவரைப் பார்த்தார். நீல ஆற்றையும் பெரிய தோட்டத்தையும் கரி எருமையையும் பார்த்தார். சிரித்தார். பிறகு அப்பாவிடம், பிள்ளை சொல்வது சரியா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"சின்னப் புள்ளைங்க. தெரியாம பேசுது."

சில மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடதாசி வந்தது. மாஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்றார். அதே வாரம் சம்பந்திக்கும் அதே மாதிரிக் கடதாசி. பிறகென்ன, காரணத்தை லயமே கண்டுபிடித்துவிட்டது. பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு பொட்டைப்பிள்ளை நடுவில் புகுந்து ஐயாவுக்குக் கோபத்தை மூட்டிவிட்டது. அம்மா என்னை அடித்தாள். அவள் கையில் கொழுந்துக் கறை வாசம் அடித்தது. என் படிப்பு நின்றது. பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு உட்காரவைத்தார்கள். அக்கா கல்யாணம் மட்டும் குறையில்லாமல் நடந்தது. முசிறியார் வீட்டுப் பெண், குளித்தலையார் வீட்டு மாப்பிள்ளை என்று பந்தலில் உரக்கச் சொன்னார்கள்.

அப்பா என்னைக் குறை சொல்லவில்லை. அவள் கெடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. லயம் முழுக்க ஏசும்போது கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதை நான் இன்னும் முழுக்க மன்னிக்கவில்லை. செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். காவேரிக் கதையை அவர் மறுபடி சொல்லவே இல்லை என்பதையும் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். என் ஆறு போயிற்று. ஆனால் அடைமழை மாதங்களில் சுவர் ஊறினால் நீலம் வெளியே தெரியும், முதலில் மன்னம்பிட்டி, பிறகு கண்டி வளைவு, கடைசியாக எங்கள் தோட்டம். ஆட்டும் தொட்டிலை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். நானா புடவைகளைச் சுற்றிக் கொண்டுவரும் பத்திரிகைத் தாள்களை எனக்கென்று மடித்துவைப்பார். அவற்றைக் கூட்டிக் கூட்டி வாசித்துத்தான் எழுத்தை மறக்காமல் காப்பாற்றினேன். பதின்மூன்று வயதில் கொழுந்தெடுக்கப் போனேன்.

பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. எனக்கு அப்போது இருபது தாண்டியிருந்தது. அதையொட்டி ஒரு நாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில், யார் யார் இந்தியாவுக்குப் போகப் பிரியம் என்று விசாரிக்க ஓர் உத்தியோகத்துத் தம்பி வந்தார். பழைய கடதாசி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அப்பா தகரப்பெட்டியிலிருந்து அந்த ஆங்கிலக் கடதாசியை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை அந்தத் தம்பி. எங்களுக்கு விளங்கட்டும் என்று வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

மனுதாரர் தன் சொந்த ஊர் முசிறி என்று கூறினார். அங்குள்ள ஆற்றை மிக நுணுக்கமாக விவரித்தார். படுத்த எருமை போன்ற பாறை, அதன் முதுகில் நீர் வற்றாத குழி, கத்தி தீட்டித் தேய்ந்த பக்கம், மூங்கில், காலைப் புகை. இன்னொரு மனுதாரரும் இதை உறுதி செய்தார். அங்கே வாழ்ந்து பழகாத ஒருவர் இவ்வளவு சொல்ல முடியாது. ஆகவே மனுதாரருக்கு இந்தியாவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மனு தள்ளுபடி.

எருமையிலேயே கொழுந்துக்காரிகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கீழே ஆற்றில் கிடக்கிற பாறை யாருக்குத் தெரியாது? காலைப் புகை வந்தபோது கவ்வாத்துக்காரர்களும் சிரித்தார்கள். கடைசி வரி வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தக் கடதாசியில் என்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. பன்னிரண்டு வருஷம் அது எங்கள் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

காவேரிமேல் இத்தனை ஆசையிருக்கும்போது போய்விடலாமே ஐயா என்றார் தம்பி. கேலி இல்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்தார். வாங்க தம்பி என்று ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, வேலை நேரம் என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம், சம்பந்தியும் வந்தார்.

அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. எந்த நாட்டிலும் பேர் இல்லாமலே போனார், ஆனால் எங்கும் போகாமல் இங்கேயே போனார். எனக்குப் பிரஜாவுரிமை வந்தபோது தலை நரைத்திருந்தது. கேட்ட இடத்தில் ஊர் என்று தோட்டத்தின் பேரைத்தான் எழுதினேன், கை நடுங்கவில்லை. சென்கிளயர் அருவி இப்போது முன்போல் விழுவதில்லை, மின்சாரத்துக்காக மேலே மறித்துவிட்டார்கள். நானாவின் பேரன் கூப்பிட்டு மூதூருக்குப் போய் ஆறு கடலில் சேருவதையும் பார்த்துவிட்டேன். முசிறிக்கு நான் போகவில்லை. போகவும் மாட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை.

தம்பியைக் கூட்டிக்கொண்டு இறங்கிய அன்று, அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி எருமையின் தேய்ந்த பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குளிரில் தாடை அடித்துக்கொண்டது.

"இந்தப் பாற முசிறில இல்லீங்க தம்பி. நான் முசிறியப் பாத்ததே இல்ல. எம் பொண்ணு அன்னைக்கே சொன்னுச்சு, நான்தான் அதப் பொய்யாக்கிட்டேன். என் ஊரு இதுதான். எழுதிக்கிங்க."

சம்பந்தி கரையில் நின்று தொண்டையைக் கனைத்தார். "நானும் குளித்தலையப் பாத்ததில்லீங்க. எனக்கும் அப்படியே எழுதிக்கிங்க."

தம்பி கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இதை எழுத இதில் இடம் இல்லை ஐயா என்றார் மெதுவாக.

அப்பா தண்ணீரில் நின்றபடியே கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"அப்ப நீ எழுதும்மா."

எழுதிவிட்டேன் அப்பா.